முழுகாதிருத்தல்

தென்காசியில் வீடு உள்ளவர்களுக்கு ஆனியும் ஆடியும் வீடு சொந்தமில்லை. மேற்கே திரிகூட மலையின் முகடுகள் மேகத்துக்குள் மறைந்து, ஆரியங்காவுப் பக்கமிருந்து காற்று இறங்கி, வெயிலினூடே சாரல் தூவத் தொடங்கிவிட்டது என்ற செய்தி சென்னைக்கும் கோவைக்கும் எட்டிய மறுவாரமே உறவினர்கள் வந்துவிடுவார்கள். குற்றாலம் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். காலையில் பேரருவி, மாலையில் ஐந்தருவி, கூட்டம் அதிகமென்றால் பழைய குற்றாலம் என்று முறை வைத்துக் குளித்துவிட்டு, ஈரத் துண்டும் எண்ணெய்க் கிண்ணமும் மங்குஸ்தான் பையுமாகத் திரும்புவார்கள். கூடத்தில் பாய் போட இடம் போதாது. பிள்ளைகள் எங்கும் இருப்பார்கள்.

எங்களுக்குத் திருமணமானது 2014இல். அந்த ஆண்டு சீசனுக்கு வந்தவர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்தவர்கள் கேட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு கேட்காமல் பார்த்தார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "விசேஷம் ஏதும் உண்டா?" எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தி மட்டும் சுற்றி வளைக்கமாட்டாள். ஈரத் தலையைக் கோதிக்கொண்டே, "என்னளா, முழுகாம இருக்கியா?" என்பாள்.

மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிப்பது முழுக்கு. அந்த முழுக்கு தள்ளிப்போனால் அவள் முழுகாமல் இருக்கிறாள், அதாவது கருவுற்றிருக்கிறாள். ஊரெல்லாம் முழுகுவதற்காகவே தேடி வரும் இடத்தில், முழுகாதிருக்கிறோமா என்ற கேள்விக்கு எட்டு ஆண்டுகள் விடை தேடியவர்கள் நாங்கள். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் நாங்கள் செய்த தேர்வுகளைப் பற்றியது. எந்தச் சிகிச்சை சிறந்தது என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. தேர்வு என்று எங்கள் முன் வைக்கப்பட்டது என்ன, உண்மையில் நாங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தது என்ன என்பதை மட்டும் எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

'நாங்கள்' என்று எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. தமிழில் 'மலடி' என்ற சொல் தெருச் சண்டையில்கூடப் புழங்கும். 'மலடன்' அகராதியில் இருக்கிறது; வாயில் வருவதில்லை. சோதனை முடிவுகள் கைக்கு வந்த அன்றே, யாருடைய தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை இருவர் வீட்டாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவை இங்கேயும் மீறப்போவதில்லை.

*

முதல் தேர்வை நாங்கள் செய்யவில்லை, உறவு செய்தது. இலஞ்சிக் குமாரருக்கு நேர்த்திக்கடன். பண்பொழித் திருமலை முருகனுக்குப் படியேற்றம். சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னிதியிலிருந்து வந்த புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பழமொழிக்காரியை எங்களுக்குப் பரிகசிக்கத் தோன்றவில்லை. மரத்தைச் சுற்றுவதில் செலவு இல்லை, பக்கவிளைவும் இல்லை. நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், கொண்டுவந்து கொடுத்தவர்கள் மீது இருந்தது.

அடுத்தது மூலிகை. குற்றாலத்து மலை மூலிகைகளுக்குப் பேர்போனது. அந்தப் பேரின் நிழலில் எத்தனையோ பலகைகள் தொங்குகின்றன. விடுதி அறை ஒன்றில் மாதம் இருமுறை முகாமிடும் பரம்பரை வைத்தியர் ஒருவரிடம் 2016இல் போனோம். அவர் இருவருக்கும் நாடி பார்த்தார். ஒருவருக்குச் சூடு என்றார், மற்றவருக்கு வாயு என்றார். பதினொரு மாதம் லேகியம் தின்றோம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் ஒருவர் பிற்பாடு எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்பதுதான். விடுதி அறை வைத்தியர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதினொரு மாதம் மிஞ்சியிருக்கும். இந்த விவகாரத்தில் பணத்தைவிடக் கறாரான கணக்கு மாதங்களுக்கு உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பாதுகாப்பு ஏதுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். 2023 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்வில் எப்போதேனும் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று கணக்கிட்டது. அத்தனை பேர் என்று அன்று தெரிந்திருந்தால் இத்தனை தனியாக உணர்ந்திருக்கமாட்டோம்.

*

2017இன் இறுதியில் திருநெல்வேலியில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தோம். விந்தணுச் சோதனை, ஹார்மோன் சோதனைகள், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகு, அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். அதில் நான்கு வரிகள் இருந்தன. முட்டை வெளிவராவிட்டால் மாத்திரை. விந்தணு சற்றே குறைவென்றால், அல்லது காரணம் பிடிபடாவிட்டால் ஐ.யு.ஐ. இரு குழாய்களும் அடைத்திருந்தால் ஐ.வி.எஃப். விந்தணு மிகமிகக் குறைவென்றால் இக்சி.

ஐ.யு.ஐ. என்பது விந்தைக் கழுவி, நன்கு நீந்தும் அணுக்களைப் பிரித்து, முட்டை வெளிவரும் வேளையில் மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் விடுவது. கருத்தரிப்பு உடலுக்குள்ளேயேதான் நடக்க வேண்டும். ஐ.வி.எஃப்.பில் முட்டைகளை வெளியே எடுத்து, ஆய்வகத் தட்டில் விந்தணுக்களோடு சேர்த்து, உருவான கருவைத் திரும்பக் கருப்பையில் வைக்கிறார்கள். இக்சியில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் உருவான அம்முறையின் முதல் வெற்றிகள் 1992இல் அறிவிக்கப்பட்டன.

உறவிலும் நட்பிலும் எல்லோரும் இவற்றை ஓர் ஏணியாகவே எண்ணியிருந்தார்கள். மாத்திரை கீழ்ப்படி, இக்சி மேல்படி. வசதி உள்ளவர் நேரே மேலே ஏறிவிடலாம். மருத்துவர் வரைந்த படத்தில் ஏணி இல்லை. நான்கு வெவ்வேறு பூட்டுகளும் அவற்றுக்கான நான்கு சாவிகளும் இருந்தன. குழாய் அடைத்திருப்பவருக்கு ஐ.யு.ஐ. எத்தனை முறை செய்தாலும் வீண். முட்டை வெளிவராதது மட்டுமே குறையென்றால் ஐ.வி.எஃப். வரை போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. எந்தச் சிகிச்சை என்ற கேள்விக்கு முன் என்ன தடை என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

எங்கள் துரதிர்ஷ்டம் அங்கேதான் இருந்தது. குழாய்கள் திறந்திருந்தன. முட்டை மாதந்தோறும் வந்தது. எங்களில் ஒருவருடைய தாளில் ஓர் எண் சற்றுக் குறைவு. ஆனால் அதையே காரணம் என்று சொல்லுமளவுக்கு இல்லை. 'காரணம் அறியப்படாத குழந்தையின்மை' என்று எழுதித் தந்தார். பூட்டே தெரியாதபோது எந்தச் சாவியை எடுப்பது?

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். அவளுடைய குறியில் ஐயமில்லை. எங்கள் மருத்துவர் சொன்னது வேறுவகைக் குறி: "ஒரு தடவை ஐ.யு.ஐ. பண்ணா நூறு பேர்ல பத்து, பதினஞ்சு பேருக்கு நிக்கும்." நாங்கள் அந்தப் பதினைந்தில் உண்டா, எண்பத்தைந்தில் உண்டா என்று அவரால் சொல்ல முடியாது. நேர்மையான குறி இவ்வளவுதான் சொல்லும் என்பதை ஏற்றுக்கொள்ளவே எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன.

*

ஐ.யு.ஐ.யைத் தேர்ந்தோம். மருந்தும் ஸ்கேனும் சேர்த்து ஒருமுறைக்குப் பத்தாயிரத்துக்குச் சற்று உள்ளேதான் ஆனது. ஆனால் செலவுச் சீட்டில் வராத ஒன்று உண்டு: தூரம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டாம் நாள் ஸ்கேன், பிறகு ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள், முட்டைப்பை இன்னும் வளரவில்லையென்றால் பதின்மூன்றாம் நாள். விடிகாலைப் பேருந்தில் பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிப் போய், வரிசையில் காத்திருந்து, "பதினாறு மில்லிமீட்டர், நாளன்னைக்கு வாங்க" என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு பிற்பகலில் வேலைக்குத் திரும்ப வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையைத் தேர்வது மருத்துவத்தைத் தேர்வது. எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு அது பேருந்துகளையும், விடுப்பு விண்ணப்பங்களையும், பொய்க் காரணங்களையும் தேர்வது.

2019 ஆனியில் மூன்றாவது முறை. வீடு நிறைய ஆட்கள். முட்டையை வெளிவரச் செய்யும் ஊசிமருந்து குளிர்பதனப் பெட்டியில் மங்குஸ்தான் பைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சித்தி மகளின் ஐந்து வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கு எடுத்து வந்தான். பேச்சு நின்றது. மதினி ஒருத்தி எழுந்து அதை அவன் கையிலிருந்து வாங்கி, எதுவும் கேட்காமல் இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றிரவு வேறு எவரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்கும் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த முறை நின்றது. இரத்தத்தில் கருவுற்றதைக் காட்டும் எண் ஏறியது. ஒன்பது நாட்கள். பத்தாம் நாள் எண் இறங்கிவிட்டது. பதினொன்றாம் நாள் இரத்தம். அந்த ஒன்பது நாட்கள் மட்டும் ஆச்சியின் சொல் எங்களுடையதாக இருந்தது. யாரிடமும் சொல்லாததால் யாரும் துக்கம் கேட்கவில்லை. நாலாவது முறையும் செய்தோம். நிற்கவில்லை.

காரணம் அறியப்படாதவர்களுக்கு ஐ.யு.ஐ. வீண்வேலை என்று பலர் சொன்னார்கள். அப்படியில்லை என்பதற்கு நியூசிலாந்து ஆய்வு ஒன்றைப் பின்னர் படித்தோம். 2018இல் லான்செட் இதழில் வெளியானது. எங்களைப் போன்ற 201 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாத்திரையுடன் மூன்று முறை ஐ.யு.ஐ., மறு பிரிவினருக்கு அதே காலம் வெறும் காத்திருப்பு. முதல் பிரிவில் நூற்றுக்கு 31 பேருக்குக் குழந்தை. காத்திருந்தவர்களில் 9 பேருக்கு. ஆகவே நாங்கள் எடுத்த முடிவு தவறானதல்ல. சரியான முடிவும் தோற்கலாம். இது மிகச் சாதாரணமான உண்மை. ஆனால் சொந்த வாழ்வில் தோல்வி வந்ததும் எடுத்த முடிவைத்தான் மனம் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

*

2020இல் தொற்று வந்தது. சீசனில் அருவிகளில் குளிக்கத் தடை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நிற்க ஆளில்லை. வீட்டுக்கும் யாரும் வரவில்லை. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக எவரும் எங்களைக் கேட்காத ஆனியும் ஆடியும். அந்த அமைதி எங்களுக்கு ஏன் அத்தனை பிடித்திருந்தது என்று யோசித்தபோதுதான், நாங்கள் யாருக்காகப் பிள்ளை வேண்டுகிறோம் என்ற கேள்வி முதன்முறையாக எங்களுக்குள் எழுந்தது. பல இரவுகள் பேசினோம். யாரும் கேட்காவிட்டாலும் எங்களுக்கு வேண்டும் என்றே விடை வந்தது. கேள்வியை ஒருமுறையேனும் கேட்டுக்கொண்டது நல்லதாயிற்று.

ஊரடங்கு தளர்ந்ததும் பெருநகரம் ஒன்றின் புகழ்பெற்ற மையத்துக்குப் போனோம். மருத்துவரைப் பார்க்கும் முன் ஆலோசகர் ஒருவரின் அறை. மேசையில் பளபளக்கும் அட்டை: ஒருமுறை, இருமுறை, மும்முறைத் திட்டங்கள், மும்முறைக்குத் தள்ளுபடி. "எல்லாமே இக்சிதான் சார், பெஸ்ட் அதுதான்" என்றார். திருநெல்வேலி மருத்துவரின் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஏன் இக்சி என்று கேட்டோம். "இங்கே எல்லாருக்கும் அதுதான்" என்பதே பதில். பல நாடுகளிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் வியட்நாமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இணையரிடம் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வில், விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் இயல்பாக இருந்தவர்களுக்குச் சாதாரண ஐ.வி.எஃப்.பைவிட இக்சி கூடுதல் குழந்தைப் பேற்றைத் தரவில்லை என்றே தெரியவந்தது. தேவையானவர்களுக்கு இக்சி பெரும் வரம். தேவையற்றவர்களுக்குக் கூடுதல் செலவு.

திரும்பும் வழியில் நெதர்லாந்து ஆய்வு ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். 2015இல் வெளிவந்தது அது. 17 மருத்துவமனைகள், 602 இணையர். காரணம் தெரியாதவர்கள், அல்லது ஆண்பக்கம் சிறு குறை உள்ளவர்கள். பெண்கள் 38 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு மூன்று முறை ஐ.வி.எஃப்., ஒவ்வொரு முறையும் ஒரே கரு. இன்னொன்றுக்கு அதிக மருந்தில்லாமல் இயற்கைச் சுழற்சியை ஒட்டிய ஐ.வி.எஃப். ஆறு முறை. மூன்றாவதற்கு ஊக்க மருந்துடன் ஐ.யு.ஐ. ஆறு முறை. ஓராண்டு வாய்ப்பில் நலமான குழந்தை பெற்றவர்கள் முறையே நூற்றுக்கு 52, 43, 47. பெரிய வேறுபாடு என்று சொல்ல முடியாத எண்கள். ஒருமுறைக்கு எத்தனை என்று பார்த்தால் ஐ.வி.எஃப். வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஓராண்டுக்கு எத்தனை என்று பார்த்தால் மூன்றும் அருகருகே வந்துவிடுகின்றன. விளம்பர அட்டைகள் முதல் கணக்கை மட்டுமே காட்டும்.

அப்படியானால் நாங்கள் ஏன் ஐ.யு.ஐ.யையே தொடரவில்லை? வயது. எங்களில் ஒருவருக்கு 36 ஆகியிருந்தது. கருமுட்டையின் தரம் முப்பதுகளின் பிற்பகுதியில் விரைந்து சரிகிறது, ஐ.வி.எஃப்.பும் அதைத் திருத்துவதில்லை. மேலும், நாலு முறை தோற்றபின் ஐந்தாவதுக்கான தெம்பு மிச்சமில்லை. புள்ளிவிவரத்தில் தெம்புக்கு நிரல் இல்லை; ஆனால் எங்கள் தேர்வில் அதற்குப் பெரும்பங்கு இருந்தது.

*

2021இல் மதுரையில் ஒரு மருத்துவரைத் தேர்ந்தோம். கடையநல்லூர், புளியங்குடி, இராஜபாளையம் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அவர் சொன்ன தொகை ஒன்றே முக்கால் லட்சம், ஊசி மருந்துகள் தனி. ஊசிகளை ஐஸ் குடுவையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தோம். பத்து இரவுகள், சரியாக ஒன்பது மணிக்கு, அடுத்த தெருவில் குடியிருந்த செவிலியர் வந்து போட்டுவிட்டுப் போவார். மின்தடை வந்தால் குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் காவல் இருப்போம்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை 'நாங்கள்' என்றே எழுதிவந்தோம். ஊசி ஏறியது ஒருவர் வயிற்றில்தான். வீங்கியது, வலித்தது, மயக்க மருந்தில் கிடந்தது ஒருவர்தான். குறை யாரிடம் இருந்தாலும் சிகிச்சை பெண்ணுடலில்தான் நடக்கிறது. எந்தச் சிகிச்சை என்று இருவரும் பேசலாம். போதும் என்று சொல்லும் உரிமை மட்டும் அந்த உடலுக்கு முதலில் உண்டு. இதை எங்களில் மற்றவர் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்.

பதினேழு முட்டைகள் கிடைத்தன. அத்தனை முட்டைகள் வளர்ந்த நிலையில் உடனே கருவை வைத்தால் ஹார்மோன் மிகைத் தூண்டலால் உடல்நலம் கெடக்கூடும். எனவே கருக்களை உறையவைத்து, ஓரிரு மாதம் ஓய்வளித்து, பிறகு வைக்கலாம் என்றார் மருத்துவர். உடனடியா, உறைவித்தா என்பது எங்களுக்கு இன்னொரு தேர்வாகத் தெரிந்தது. அவருக்கு அது பாதுகாப்பு.

உறைவிக்கும் அந்த முறையின் பின்னால் ஒரு வங்காளத் துயரம் இருக்கிறது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி கொல்கத்தாவில் இரண்டாவது குழந்தை. அதற்குக் காரணமான மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை வளர்த்தெடுத்தார்; கருவை உறையவைத்து வேறொரு சுழற்சியில் வைத்தார். இன்று ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பவை இவை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டார். 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என்று பதிவாயிற்று. அந்தக் குழந்தைக்குக் காரணமானவர்களுள் ஒருவரான விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரே முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதல்வர் நானல்ல, அவர்தான் என்று 1997இல் எழுதினார். மதுரையில் அந்த உறைநிலைக் கலங்கள் இருந்த அறையின் கதவைக் கடக்கும்போதெல்லாம் நம்பப்படாமல் போன அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம்.

பதினேழில் பன்னிரண்டு கருவுற்றன. ஐந்தாம் நாள் மூன்று மிஞ்சின. 2021 டிசம்பரில் ஒன்றை வைத்தார்கள், நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் மிச்சம் இரண்டையும் வைத்தார்கள். இடையே, ஜனவரி 25 முதல், கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நடப்புக்கு வந்திருந்ததால் இரண்டாம் முறை ஒப்புதல் படிவங்கள் தடித்திருந்தன. இன்று தேடுபவர்களுக்கு ஒரு சொல்: அந்தச் சட்டப்படி மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், ஐ.யு.ஐ. மட்டும் செய்பவை முதல் நிலை, ஐ.வி.எஃப். செய்பவை இரண்டாம் நிலை. அட்டையின் பளபளப்புக்கு முன் அந்தச் சான்றைப் பாருங்கள்.

இரண்டும் நிற்கவில்லை.

*

முதல் ஐ.யு.ஐ.க்கு முந்தைய இரவு, பழைய நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் ஒன்று எழுதிவைத்திருந்தோம். 'ஐ.யு.ஐ. நான்கு. தேவைப்பட்டால் முட்டை சேகரிப்பு ஒன்று. அதில் வரும் கருக்கள் எத்தனையோ அத்தனையும். பிறகு நிறுத்தம்.' கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். திருநெல்வேலி மருத்துவர்தான் அப்படி எழுதிவைக்கச் சொன்னார். "ஆரம்பிக்கும்போது எழுதுங்க. நடுவுல எழுத முடியாது" என்றார். அவர் எங்களுக்குச் செய்த பேருதவி அதுதான் என்று இன்று நினைக்கிறோம்.

ஏனெனில் இந்தச் சிகிச்சைகளுக்குத் தாமாக ஒரு முடிவு கிடையாது. ஒவ்வொரு தோல்வியின் மறுநாளும் ஒரு புதிய கதவு திறக்கும். இன்னொரு முறை. வேறு மருந்து. வேறு ஊர். தானமாகப் பெறும் முட்டை. இயலாது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. உண்மையில் அப்படிச் சொல்லவும் இயலாது. அந்தக் கதவுகளுக்குள் போவது தவறென்று நாங்கள் சொல்லமாட்டோம். போய்ப் பெற்றவர்களை அறிவோம்.

எங்களில் ஒருவர் இன்னும் ஒரே ஒரு முறை என்றார். மற்றவர் பீரோவைத் திறந்து நாட்குறிப்பை எடுத்தார். மூன்று வாரம் அந்தப் பக்கத்தை முன்னிட்டுச் சண்டை போட்டோம். அது நிலைமை தெரியாமல் எழுதியது என்று ஒருவர். நிலைமைக்குள் மூழ்காதபோது எழுதியது, அதனால்தான் அதை நம்பலாம் என்று மற்றவர். நான்காம் வாரம் சண்டை ஓய்ந்தது. யார் வென்றார் என்று சொல்வதற்கில்லை. நகைக்கடனில் மிச்சமிருந்ததைக் கணக்கிட்டோம். ஊசிகளின் வெற்றுக் குப்பிகளை எறிந்தோம். நிறுத்தினோம்.

'தத்தெடுக்கலாமே' என்பவர்களுக்கு: யோசித்திருக்கிறோம். ஆனால் தத்து என்பது மற்றவையெல்லாம் தோற்றபின் ஏறும் கடைசிப் படியல்ல. ஒரு குழந்தையை ஆறுதல் பரிசாகக் கூட்டிவரக் கூடாது. அந்தப் பேச்சை எங்கள் துக்கம் ஆறியபிறகு, புதிதாகத் தொடங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எந்தச் சிகிச்சை என்பதை எங்கள் உடல்களும் வயதும் ஊரும் பணமும் பாதிக்கு மேல் தீர்மானித்துவிட்டன. நாங்களாகத் தேர்ந்தது என்று சொல்லத்தக்கது, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான். அதையும் நாங்கள் தெளிந்திருந்த ஓர் இரவில் செய்துவைத்ததால் தப்பித்தோம்.

அந்த ஆண்டு சீசனுக்கு வழக்கம்போல எல்லோரும் வந்தார்கள். ஆச்சிக்கு நடை தளர்ந்திருந்தது. இருவருமாகக் கைபிடித்துச் சிற்றருவிக்கு அழைத்துப் போனோம். திரும்பும்போது ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்தவள் எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். கேட்கப்போகிறாள் என்று தெரிந்தது. அதற்கு முன் நாங்களே சொன்னோம்: "இல்ல ஆச்சி. எல்லாம் பாத்தாச்சு. நிப்பாட்டிட்டோம்."

ஆச்சி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி. நின்னது போதும், தலையத் தொவட்டுங்க, ரெண்டு பேரும். சளி புடிச்சிரும்" என்றாள்.